அறுநூறு சிசி எஞ்சினும் மாசி மாதக் கெடுவும்

எஞ்சின் கட்டுகிறவனிடம் நல்ல செய்தியோடு ஒருவரும் வருவதில்லை. வண்டி ஒழுங்காக ஓடுகிறவன் கராச் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டான். நகக்கண்ணில் ஏறின கிறீஸோடு சோறு தின்று பழகின என் இனத்தாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மானிப்பாயில் நான் கராச் வைத்திருந்த காலத்தில் கட்டின எஞ்சின்கள் எத்தனையோ. இன்னும் நெஞ்சை இடிக்கிறது ஒன்றுதான்.

சாக்குக்குள் வந்தது

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு பெற்றோல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வரவே இல்லை. உதிரிப் பாகமும் இல்லை. பெற்றோலைச் சின்ன மருந்துப் போத்தலில் வைத்து, நாலு சொட்டு விட்டு எஞ்சினைத் தொடக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு மார்கழியில் பண்டத்தரிப்பிலிருந்து சிவஞானம் என்ற புகையிலைத் தோட்டக்காரர் சைக்கிள் கரியரில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு வந்தார். சாக்குக்குள் அறுநூறு சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். அவருடைய மாமனார், ஆள் இருக்கப் பக்கப்பெட்டி பூட்டி ஓடிய மோட்டார் சைக்கிளின் எஞ்சின் அது. இருபது வருசமாகக் கோழி அடைந்த கொட்டிலில் கிடந்திருக்கிறது.

பிஸ்டன் வெடித்திருந்தது. சிலிண்டருக்குள் விரலை விட்டால் தேய்ந்த வரம்பு தட்டுப்பட்டது. விட்டுவிடுங்கோ, இரும்பு விலைக்குக் கொடுங்கோ என்றேன். அவர் போகவில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னம் மனைவி பூமணிக்கு நோவு கண்டபோது வாடகைக்கார் கிடைக்காமல் மாட்டுவண்டிலில் மானிப்பாய் ஆசுபத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வந்ததையும், பிள்ளை வழியிலேயே இறந்து பிறந்ததையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். பழைய எஞ்சினுக்கு அமுக்கம் குறைவு, மண்ணெண்ணெயிலும் இருமாமல் இழுக்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவன் சொன்னது சரிதான்.

எழும்பிப் போகும்போது சொன்னார்: "மாசி முடியமுன்னம் ஓடவேணும் அண்ணை. அதுக்குப் பிறகு ஓடி எனக்கொரு பிரயோசனமுமில்லை."

தண்ணிப் பம்பின் பிஸ்டன்

இங்கிலாந்து பிஸ்டனுக்கு எங்கே போவது? ஷெல் விழுந்து உடைந்த ஒரு பெரிய ஜப்பான் தண்ணிப் பம்பிலிருந்து ஒரு பிஸ்டனைக் கழற்றி எடுத்தேன். சிலிண்டருக்கு அது பருமன், தலைப்பக்கம் உயரம். சிலிண்டரை உள்ளே குடைந்து பெருப்பிக்க, இரண்டையும் தூக்கிக்கொண்டு இணுவிலுக்கு, லேத் வைத்திருந்த மார்க்கண்டரிடம் போனோம். கரண்ட் இல்லாத ஊரில் அவருடைய லேத்தை ஒரு வண்டில் சில்லும் பட்டியும் போட்டுக் கையால்தான் சுற்றவேண்டும். நானும் சிவஞானமும் மாறிமாறிச் சுற்றினோம். ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் சிலிண்டருக்குள் வரி விழும். ஒருமுறை குண்டுபோடுகிற பொம்மரின் இரைச்சல் கேட்டது. பங்கருக்கு ஓட எழும்பினோம். வெட்டு முடியவில்லை, கையை விட்டால் சிலிண்டர் பாழ் என்று மார்க்கண்டர் உறுக்கினார். மூன்று பேரும் ஓடாமல் நின்றோம். குண்டு எங்கோ வடக்கே விழுந்தது. சில்லு நிற்கவில்லை.

பிஸ்டன் மேல்மூடியில் முட்டாமல் இருக்கச் சிலிண்டருக்கு அடியில் அலுமினியத் தகடு ஒன்று வெட்டி வைத்தோம். எல்லாம் முடிந்தபோது மார்க்கண்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சிலிண்டர் இங்கிலாந்து, பிஸ்டன் ஜப்பான், சுத்தினது இணுவில். ஆர் கட்டினதெண்டு கேட்டா என்ரை பேரைச் சொல்லிப்போடாதை, தம்பி."

சத்தம் கேட்டு வந்தவர்கள்

சிவஞானம் கொட்டிலிலிருந்து வண்டியையும் பக்கப்பெட்டியையும் கொண்டுவந்து தர, எஞ்சினைப் பூட்டினேன். தை மாதக் கடைசியில் அது முதன்முதல் வெடித்துத் தொடங்கியது. அந்தச் சத்தம் உங்களில் கேட்டவர்களுக்குத் தெரியும். நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போடுகிற மாதிரி. ஊர் முழுக்கக் கேட்டது. ஊர் கேட்டால் கேட்கக்கூடாதவர்களும் கேட்பார்கள். மறுநாள் தோளில் துவக்கோடு இயக்கப் பெடியள் இரண்டு பேர் வந்தார்கள். எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார்கள். எவ்வளவு பாரம் இழுக்கும் என்று கேட்டார்கள்.

கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயத்தில், இழுக்காது, அமுக்கம் இல்லை என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். சிவஞானம் என்னை முந்திக்கொண்டார். நல்லாய் இழுக்கும் என்றார். பிறகு எதற்காகக் கட்டுகிறோம் என்பதையும், முதல் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதையும் சொன்னார். கெஞ்சவில்லை. தோட்டத்தில் தண்ணி இறைப்பு முறை சொல்வதுபோலச் சொன்னார். மூத்தவன் குனிந்து பக்கப்பெட்டிக்குள் பார்த்தான்.

அவர்கள் அதற்குப்பிறகு வரவேயில்லை. ஏனென்று விசாரிக்கிற ஆளும் நானில்லை. ஆனால் அன்றைக்குப் படலையைத் தாண்டும்போது அவன் சொன்னது பல நாள் என் நித்திரையைக் கெடுத்தது: "பிள்ளை பிறக்கட்டும், பிறகு வந்து பாக்கிறம்."

சண்டிலிப்பாயில் இறுகினது

இது என் பிழை. மண்ணெண்ணெய்க்குச் சூடு கூட, பிஸ்டனைச் சுற்றி இடைவெளியைத் தாராளமாக விடு என்று மார்க்கண்டர் சொன்னார். இறுக்கமாக இருந்தால் லேசாகத் தொடங்கும் என்று நான் குறைத்துவிட்டேன். சோதனை ஓட்டத்தில் நான் ஓட்ட, சிவஞானம் தன் மனைவி இருக்கவேண்டிய பெட்டியிலேயே ஏறி இருந்தார். சண்டிலிப்பாய் தாண்டி ஒரு வளைவில் பிஸ்டன் சிலிண்டரோடு கடித்துக்கொண்டது. பின்சில்லு அப்படியே இறுகி, வண்டி றோட்டுக்குக் குறுக்கே இழுபட்டு வேலியில் போய் நின்றது. எனக்கு முழங்கை உரிந்தது. சிவஞானம் பெட்டிக்குள் இருந்தபடி தன் மடியைப் பார்த்தார். அதில் பூமணி இருந்திருந்தால் என்று அவர் நினைத்தது எனக்குத் தெரியும். பிறகு இறங்கி, வேலியிலிருந்து வண்டியை இழுக்கத் தொடங்கினார்.

மாசி முடியப் பதினாலு நாள் இருந்தது. பிஸ்டனில் கடிபட்ட இடங்களை அரத்தாலும் தேய்தாளாலும் ஒன்பது நாள் தேய்த்தேன். எஞ்சின் ஒயிலும் மண்ணெண்ணெய் கலந்து தண்ணியாகிக் கிடந்தது. வேறு ஒயில் ஊரில் இல்லை. ஒரு சித்த வைத்தியரிடம், பிள்ளைபெறப்போகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுக்கிற ஆமணக்கெண்ணெயை வாங்கி ஊற்றினேன். சூட்டைத் தாங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். தாங்கியது. புகை மட்டும் பேதி மருந்துபோல மணத்தது. வண்டியைக் கொண்டுபோய்ப் பண்டத்தரிப்பில் விட்டபோது பூமணி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து மணந்து பார்த்தாள். நான் கேட்ட அவளுடைய முதல் வார்த்தை இதுதான்: "நான் குடிக்கவேண்டியதை எல்லாம் உது குடிச்சிட்டுது போலை."

சத்தம் நின்ற இடம்

மாசியின் கடைசிக் கிழமை, ஒரு முற்பகல். கராச்சில் நின்ற எனக்குத் தூரத்தில் அந்த உலக்கைச் சத்தம் கேட்டது. கிட்டவர வர எண்ணிக்கொண்டு நின்றேன். திடீரென்று மேலே பொம்மர் இரைந்தது. உலக்கைச் சத்தம் நின்றது. பொம்மர் சுற்றிச் சுற்றி, அரை மணித்தியாலம் கழித்துத்தான் போனது. அதற்குப் பிறகும் எஞ்சின் தொடங்கவில்லை.

சைக்கிளை எடுத்து மிதித்தேன். ஒரு மைலில் வண்டி நின்றது. மூவரும் ஒழுங்கைக்குள் படுத்திருந்து எழும்பி வந்திருக்கிறார்கள். மூன்றாவது ஆள் பூமணியின் தாய். எஞ்சின் ஆறிவிட்டது. ஆறினால் மண்ணெண்ணெயில் தொடங்காது. பெற்றோல் இருந்த மருந்துப் போத்தல் ஒழுங்கைக்குள் ஓடும்போது விழுந்து உடைந்துவிட்டது. பூமணி பெட்டிக்குள் இருந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நோவு வந்து வந்து போனது.

பிளக்கைக் கழற்றி, வண்டியிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், காய்ந்த பனங்காவோலை நெருப்பில் சிவக்கச் சுட்டு, துணியில் சுற்றிக்கொண்டு ஓடிவந்து பூட்டினேன். சிவஞானம் உதைத்தார். ஒன்றுமில்லை. ஓடிவருவதற்குள் சூடு போய்விட்டது. இனி நெருப்பை எஞ்சினுக்குப் பக்கத்தில் கொண்டுவரவேண்டும். மேலே மண்ணெண்ணெய்த் தாங்கி. பூமணியை இறக்கச் சொன்னேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"எரிஞ்சா எரியட்டும். கெதியாச் செய்யுங்கோ."

தாங்கியின் குழாயைப் பூட்டி, அதற்கு மேல் ஈரச்சாக்கைப் போட்டு, கார்புரேட்டர் குழாயின் கீழ் எரிகிற ஓலையைப் பிடித்தேன். மற்றக் கையால் பிளக்கையும் அதே நெருப்பில் காட்டினேன். என் கைமயிர் பொசுங்கியது. சுட்ட பிளக்கைப் பூட்டி, குழாயைத் திறந்தேன். முதல் உதை, இரண்டாவது உதை. மூன்றாவதில் எஞ்சின் வெடித்து ஓடத் தொடங்கியது.

நான் சைக்கிளில் பின்னால் மிதித்து மானிப்பாய் ஆசுபத்திரி முற்றத்துக்குப் போய்ச் சேரும்போது தாதிமார் பூமணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். தாயும் பின்னால் போனாள். சிவஞானம் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றார். எஞ்சினை நிற்பாட்டச் சொல்லி ஒரு பணியாள் வந்தார். சிவஞானத்துக்குக் கேட்டமாதிரித் தெரியவில்லை. இன்னும் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னால் என்ன செய்வது, நின்றால் திரும்பத் தொடங்காதே என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது. நானும் நிற்பாட்டச் சொல்லவில்லை. ஆமணக்கெண்ணெய்ப் புகை முற்றம் முழுக்கப் பரவ, இருபது நிமிசம் அப்படியே நின்றோம்.

பிறகு ஒரு தாதி மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள்: "பொம்பிளைப்பிள்ளை, தாயும் சுகம். இனி உதை நிப்பாட்டுங்கோ, பிள்ளை அழுறது கேக்குதில்லை."

எஞ்சின் கட்டுகிறவனுக்கு வாழ்நாளில் ஒரு பாராட்டுக் கிடைத்தால், அதுவும் பெரும்பாலும் 'நிப்பாட்டு' என்றுதான் இருக்கும்.