அக்கா எழுதிய தீர்ப்பும் நான் நெய்யாத சேலையும்

என் மேல் வழக்கு வரும்வரை அக்காவின் தீர்ப்பு ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. இத்தனைக்கும் நகைச்சுவை எழுதிப் பிழைப்பவன். பேச்சுரிமை பற்றி மேடையில் முக்கால் மணி நேரம் முழங்குவேன். அதைக் காப்பாற்றியவர் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றதில்லை.

அக்கா காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவர். அப்பா மறைந்தபின் விடியலில் தறி, பகலில் சட்டக் கல்லூரி என்று படித்து, உயர் நீதிமன்ற நீதிபதியானார். என்னைப் படிக்க வைத்தவரும் அவரே; நான் எழுதியதற்கு அவர் பொறுப்பல்ல.

வெளியூர் நாடகக் குழு ஒன்று, விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கும் கடைகளைக் கேலி செய்து நாடகம் போட்டது. அவ்வூர் வியாபாரிகள் தடை கேட்டார்கள். அக்கா மறுத்தார். நிஜப் பட்டு என்றால் கேலிக்கு ஏன் சாயம் போக வேண்டும் என்று தீர்ப்பில் கேட்டிருந்தார்.

சாயம் போனது எங்கள் உறவில். காஞ்சிபுரத்தில் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன், எனக்குப் பெரியண்ணன், வீட்டுக்கே வந்துவிட்டார்.

“உங்கக்கா நம்ம பொழப்புல மண்ணப் போட்டுட்டு உக்காந்துக்கினு இருக்குது. அவ பொண்ணு கல்யாணத்துக்கு நீ பட்டு நெய்வியா? நெய்யி பாக்கலாம்!”

முகூர்த்தப் பட்டு தாய்மாமன் வீட்டுத் தறியில் இறங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். தாய்மாமன் நான் ஒருவன்தான்; அப்பாவின் தறியும் என் வீட்டில்தான் இருந்தது, நெய்ய ஆள் வைத்திருந்தேன். அக்காவுக்குப் போன் செய்தேன்.

“தறியில ஏத்தப் பாவு நூலே இல்லக்கா. ஜரிகையும் வரல.”

“சரிடா. பரவால்ல, விடு.”

மகளுக்குக் கடையில் சேலை எடுத்தார். கல்யாணத்தில் நான் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, கல்யாண மண்டபத்துச் சாம்பாரைப் பற்றி நான் எழுதிய புத்தகத்துக்கு மண்டப முதலாளி தடை கேட்டார். என் வக்கீல் இளம்பெண். அக்காவின் அதே தீர்ப்பைப் படித்துக் காட்டி மனுவைத் தள்ளுபடி செய்ய வைத்தார்.

“செமயா எழுதிருக்காங்க சார் இந்த ஜட்ஜம்மா. உங்க ஊராமே, தெரியுமா?”

“கேள்விப்பட்டிருக்கேன்” என்றேன்.

அக்கா செவிலிமேட்டு வீட்டில் படுத்த படுக்கையானபோதுதான் எனக்கு வாய் வந்தது. “அன்னிக்குத் தறியில பாவு இருந்துதுக்கா.”

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. “தெரியும்டா. நீ பேசிக்கினு இருக்கசொல்ல போன்ல தறி சத்தம் கேட்டுது.”

அத்தனை ஆண்டுகளும் தெரிந்தே என் பிறந்தநாளுக்கு முதலில் கூப்பிட்டவர் அவர்.

அக்கா இறந்த அன்று, பிறந்த வீட்டுக் கோடியாக எங்கள் தறியில் நெய்த பட்டுச் சேலையை அவர் மேல் போர்த்தினேன். பாவு, ஜரிகை எல்லாம் அப்போது இருந்தன.

கடைசி மூன்று மாதம் அக்காவுக்குத் தலைவாரி, செய்தித்தாள் படித்துக் காட்டிய செவிலியருக்கும், பழைய தீர்ப்பை மறக்காமல் வெளியூரிலிருந்து வந்து வாசலில் நின்ற நாடகக்காரர்களுக்கும், கோபத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்த பெரியண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, தாளை மடித்துத் திருப்பித் தந்தாள்.

“நல்லா இருக்குது மாமா. ஆனா இது அம்மாவுக்கு நினைவு மலரா, உனக்கு ஜாமீன் மனுவா?”