பன்னிரண்டு சதவீத ஈரம்

மரக்கிடங்கின் சம்பளப் பதிவேட்டில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அது அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ‘பன்னிரண்டு’. நேரில் பேசும்போது மட்டும் மரியாதைக்கு ஒரு ‘சார்’ ஒட்டிக்கொள்ளும்.

பச்சைப் பலகைகளைச் சூடான காற்றில் உலர்த்தும் கூடத்துக்கு அவர்தான் பொறுப்பு. உலர்ந்து வரும் பலகையில் ஈரமானியின் இரண்டு ஊசிகளைக் குத்துவார். பன்னிரண்டு சதவீத ஈரம் என்று காட்டினால் நீலச் சாக்பீஸில் ஒரு கோடு, பலகை வெளியே போகலாம். பதின்மூன்று காட்டினால் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. “ஒண்ணுதானே சார் கூட” என்று யாராவது தலையைச் சொறிந்தால், “உன் வயசுல ஒண்ணக் கழிச்சுக் காட்டு, நானும் இதுல ஒண்ணக் கழிக்கிறேன்” என்பார். இருபத்தாறு வருடங்களாக யாரும் வயதைக் கழித்துக் காட்டவில்லை.

அந்த ஈரமானி தோல் உறையில், இடுப்பு பெல்ட்டில், வீட்டுக்கும் வரும். மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவரைக் குத்திப் பார்ப்பார். கொடியில் காயும் துண்டைக்கூட விட்டுவைத்ததில்லை. “நல்லவேளை, கல்யாணத்தன்னிக்கு இவர்கிட்ட இந்த மெஷின் இல்ல. இருந்திருந்தா என்னையும் குத்திப் பாத்துட்டு ஈரம்னு திருப்பி அனுப்பியிருப்பாரு” என்று அவர் மனைவி விருந்தாளிகளிடம் சொல்வாள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். மூன்று வருடங்களாக அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால், அவளுடைய ஒரே தம்பி, தச்சுப் பட்டறை வைத்திருப்பவன், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்யும் வேலையைப் பிடித்தான். மரம் காய்ந்ததுதான் என்று கிடங்கின் முத்திரை வேண்டும் என்றார்கள். அவன் நாற்பது பலகைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, நம்ம மாமாதானே என்று, கூடத்து வாசலில் வந்து நின்றான். மாமா குத்தினார். இருபத்தெட்டு.

“மாமா, பூச்சி அரிக்காம இருக்க மருந்துத் தொட்டியில ஊறப்போட்டு, அப்புறம் நாலு மாசம் நிழல்ல காயவெச்ச மரம். தட்டிப் பாருங்க, மணி மாதிரி கேக்குது. தூக்கிப் பாருங்க, எவ்வளவு லேசா இருக்கு.”

“தட்டுறது, தூக்குறது, மோந்து பாக்குறது எல்லாம் உங்க தாத்தா காலம் மாப்ள. மெஷின் இருபத்தெட்டுங்குது.”

நாற்பது பலகைகளிலும் நாற்பது சிவப்புப் பெருக்கல் குறிகள். அத்தனை வேலைக்காரர்களும் வேடிக்கை பார்க்க, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் போட்டார். சொந்த மச்சினன் என்றும் பார்க்கவில்லையே என்று ஊர் மெச்சும் என்று ஒரு நினைப்பு. ஊர் மெச்சவும் செய்தது. பெஞ்சு வேலை வேறு ஆளுக்குப் போனது, தம்பி அக்கா வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினான். அக்கா தொலைபேசியில் மட்டும் தம்பியை வைத்துக்கொண்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் அவள் குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டாகிவிட்டது. சேதி கேட்டுத் தம்பி பதறிப்போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பார்க்க வருகிறேன் என்றான். அழுதுகொண்டிருந்த அக்காவைச் சிரிக்கவைக்க, “உப்புக்கண்டம் இருந்தாத்தான் வருவேன்” என்றும் சொல்லிவைத்தான். உப்பு தடவிக் காயவைத்த கறி என்றால் சின்ன வயதிலிருந்தே அவனுக்கு உயிர். அவள் கைப்பக்குவம் அப்படி. இப்போது அந்தக் கைதான் கட்டுக்குள் இருந்தது.

“பக்கத்து வீட்டு அம்மாவக் கூப்பிடட்டுமா?” என்றாள்.

“எதுக்கு? காயவைக்கிறதுக்கா?” என்றார் அவர். “இருபத்தாறு வருஷமா நான் என்ன வேலை பாக்குறேன்?”

“மரமும் கறியும் ஒண்ணா?”

“ரெண்டுலயும் தண்ணிதான். தண்ணிய வெளிய எடுத்தா முடிஞ்சுபோச்சு.”

அவள் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். “அவன் மூணு வருஷம் கழிச்சு வர்றான். சாப்பிட வந்த எடத்துல திரும்பவும் மனசு கசந்து போனான்னா, அப்புறம் என் சாவுக்குத்தான் வருவான். அத மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.”

அவர் ஞாபகம் வைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அவருக்கும் மச்சினன் வர வேண்டும் என்றுதான் இருந்தது. இந்த மூன்று வருடத்தில் ஒரு நல்ல சீட்டாட்டம்கூட வாய்க்கவில்லை. ஆனால் வாயைத் திறந்து இறங்கிப் பேசுவதைவிட இரண்டு கிலோ கறியைக் காயவைப்பது சுலபம் என்று அவருக்குப் பட்டது. கறியே பேசிவிடும், நாம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று கணக்குப் போட்டார்.

வியாழக்கிழமை வேலை தொடங்கியது. மனைவி விரலளவு கீறச் சொன்னாள். அவர் அடிக்கோல் வைத்து அரை அங்குலப் பலகைகளாக அறுத்தார். ஓரம் பிசிறடித்த துண்டுகளைத் தரமில்லை என்று ஒதுக்கிப் பூனைக்குப் போட்டார். மஞ்சள், மிளகாய், ஒரு கைப்பிடி உப்பு என்று அவள் சொன்னதில் உப்பு மட்டும் இரண்டு கைப்பிடியானது, பாதுகாப்புக்கு. மர அடுக்கில் பலகைகளுக்கு நடுவே காற்றுப் போகச் சட்டம் வைப்பதுபோல், கறிக்கு நடுவே மூங்கில் குச்சிகள் வைத்து ஐந்து அடுக்காக அடுக்கினார். மரத்தின் முனைகள் வெடிக்காமல் இருக்க மெழுகு பூசுவது வழக்கம். கறியின் முனைகளுக்கு நெய் பூசினார். கடைசியாக, பலகை கோணிக்கொள்ளாமல் இருக்க மேலே பாரம் வைக்க வேண்டுமே என்று அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார்.

“கறி கோணிக்கிட்டா என்னங்க? அதுல கதவா செய்யப் போறோம்?” என்றாள் மனைவி.

மாடி வெயிலில் கொசுவலைக்குள் கறி காய்ந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் மாடியேறி வந்து, இடது கையால் ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தாள். வளைந்தது, முறியவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி. “போதும், எடுத்துடுங்க. இதான் பதம்.”

அவர் ஈரமானியை எடுத்துக் குத்தினார். நாற்பத்தொன்று.

“நாப்பத்தொண்ணு வெச்சுக்கிட்டு பதமாம்” என்று சிரித்தார். “வளையுற மரத்த எவன் வாங்குவான்?”

நான்காம் நாள் முப்பத்தாறு. ஆறாம் நாள் முப்பத்திரண்டு. அவரிடம் இதற்கென்று ஒரு சின்ன நோட்டு, அதில் தேதிவாரியாகக் குறிப்பு. எட்டாம் நாளும் முப்பத்திரண்டு. ஒன்பதாம் நாளும் அதே முப்பத்திரண்டு. கறி அதற்குள் மாட்டுவண்டிச் சக்கரத்தின் நிறத்துக்கு வந்திருந்தது, கீழே போட்டால் டக்கென்று சத்தம் கேட்டது. ஆனாலும் எண் இறங்க மாட்டேன் என்றது. மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், பேசுவதையே விட்டுவிட்டாள். அவள் திட்டினால் சமாளித்துவிடுவார். சும்மா இருந்தால்தான் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது.

வெள்ளிக்கிழமை கறியை ஒரு தட்டில் பரப்பித் துணி போட்டு மூடி, கிடங்குக்கே கொண்டுபோய், உலர்கூடத்தில் தேக்குப் பலகைகளுக்கு மேலே வைத்தார். ஒரு பகல் முழுக்கச் சூடான காற்று. மணத்துக்குக் கிடங்கு நாய்கள் இரண்டும் கூடத்து வாசலைவிட்டு நகரவில்லை. பாரந்தூக்கி ஓட்டுபவர் எட்டிப் பார்த்து, ஒரு துண்டை எடுத்து விரலால் தட்டி, “எந்தக் காட்டு மரம் சார் இது? வைரம் பாஞ்சிருக்கே” என்றார். வெளியே எடுத்துக் குத்தியதில் ஊசியே இறங்க மறுத்தது. அழுத்திக் குத்தினார். முப்பது.

சனிக்கிழமை காலை சமையலறையில், தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மனைவி வந்தாள். ஒரு துண்டை எடுத்து மேஜை விளிம்பில் அடித்தாள். மேஜையில் தழும்பு விழுந்தது.

“இன்னும் ஈரம்கிறாரா உங்க ஆளு?”

“முப்பது காட்டுதே.”

அவள் உப்பு டப்பாவைத் திறந்து, வருடக்கணக்கில் அதிலேயே கிடக்கும் மரக்கரண்டியை எடுத்து நீட்டினாள். “இத குத்துங்க.”

குத்தினார். முப்பத்தொன்று.

“இத?” அவள் நீட்டியது பூரிக்கட்டை. ஒன்பது.

“ரெண்டும் ஒரே நாள்ல ஒரே கடையில வாங்கினது. ரெண்டும் ஒரே அலமாரியிலதான் இருக்கு. ஒண்ணு உப்புல கெடந்துச்சு, ஒண்ணு கெடக்கல. எனக்குப் படிப்பு கம்மி. நீங்களே சொல்லுங்க.”

அவர் எழுந்துபோய் பீரோவின் அடித்தட்டைக் கிளறி, ஈரமானியோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்தார். பாதிக்குமேல் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எப்படி இயக்குவது என்ற இரண்டாம் பக்கத்தோடு அவர் படிப்பை முடித்திருந்தார். ஒன்பதாம் பக்கத்தில், அவர் கண்ணாடி போடாமலே படிக்கும்படி கொட்டை எழுத்தில் இருந்தது: உப்பு கலந்த பாதுகாப்பு மருந்து ஏற்றிய மரத்தில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலான ஈரத்தைக் காட்டும்.

மருந்துத் தொட்டியில ஊறப்போட்ட மரம் மாமா. தட்டிப் பாருங்க.

நாற்பது பெருக்கல் குறிகள் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டோம் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. கறி கெட்டுப்போனது சின்ன விஷயமாகிவிட்டது. புத்தகத்தை மூடி, வந்த இடத்திலேயே வைத்தார். மனைவியிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். கன்னத்தோரம் நரைத்திருந்தது. அக்காவின் கட்டைத் தொட்டுப் பார்த்தான், அவள் அழுதாள், அவன் மூக்கை உறிஞ்சினான். மாமாவைப் பார்த்து, “நல்லா இருக்கீங்களா?” என்று தபால்காரரைக் கேட்பதுபோல் கேட்டான். கையில் ஒரு சின்ன முக்காலி கொண்டுவந்திருந்தான்.

“குளிக்கும்போது நிக்காதக்கா. இதுல உக்காந்து குளி.”

வழவழவென்று, பொருத்து இருக்கும் இடமே தெரியாமல் இருந்தது. அக்கா அதை மடியில் வைத்துத் தடவினாள். திருப்பினாள். அடிப்பக்கத்தில் பாதி தேய்ந்துபோன ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அவள் முக்காலியைக் கீழே வைத்துவிட்டு, சோறு போடப் போனாள். அவர் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வறுத்த கறி வந்தது. முதலில் தம்பி கடித்தான். பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டான். அக்கா கடிக்கவே இல்லை, தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கை முந்தானையைப் பிடித்திருந்தது. இதற்காகவா பத்து நாள் காத்திருந்தோம் என்று அவள் உதடு துடித்ததை அவர் பார்த்தார்.

தம்பி துண்டை எடுத்துத் தட்டில் தட்டினான். ணங்கென்றது.

“யாரு காயவெச்சது?”

“நான்தான் மாப்ள” என்றார்.

“எவ்வளவு காட்டிச்சு?”

“முப்பது.”

அவன் துண்டைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அக்காவுக்கும் தொற்றியது. கண்ணீர் வரச் சிரித்துவிட்டு அவன் எழுந்து வாசலுக்குப் போனான். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டான் என்றே அவர் நினைத்தார். அவன் வண்டிப் பெட்டியிலிருந்து மரம் இழைக்கும் இழைப்புளியோடு வந்தான். அதன் தகட்டைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் கழுவித் துடைத்து மாட்டினான். மேஜை மூலையில் கறியை அழுத்திப் பிடித்து இழைத்தான். மரச்சுருள்போல் மெல்லிய கறிச்சுருள்கள் சுருண்டு சுருண்டு தட்டில் விழுந்தன. வாயில் போட்டால் கொஞ்ச நேரம் முரண்டு பிடித்து, பிறகு கரைந்தன. உப்பு அதிகம்தான். ஆனாலும் மூன்று பேரும் மென்றார்கள்.

அவர் எழுந்துபோய் முக்காலியை எடுத்து வந்தார். பெல்ட்டிலிருந்து ஈரமானியை உருவி, சிவப்புக் குறிக்குப் பக்கத்தில் குத்தினார். இருபத்தாறு. மூன்று வருடமாகியும் மயிரிழைகூடக் கோணாத மரம்.

“இன்னும் காயலையா மாமா?” என்றான் தம்பி. குரலில் சிரிப்பு இல்லை.

“மருந்து போட்ட மரத்துல இது அப்படித்தான் காட்டுமாம். புஸ்தகத்துல போட்டிருக்கான்” என்றார். “மெஷின் தப்பு.”

“மெஷினா கையில சாக்பீஸ் பிடிச்சுச்சு?”

அதற்குப் பதில் ஒன்பதாம் பக்கத்தில் இல்லை. ஈரமானியை மேஜைமேல் வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தார். கறியைவிட அது கடினமாக இருந்தது.

“நான் தப்பு மாப்ள. உன் மரம் அன்னிக்கே காஞ்சிருந்துச்சு.”

தம்பி குனிந்துகொண்டு இன்னொரு துண்டை இழைக்க ஆரம்பித்தான். இழைத்த முதல் சுருளை எடுத்து மாமாவின் தட்டில் போட்டான்.

“என்னங்க சொன்னீங்க?” என்றாள் மனைவி. “இழைக்கிற சத்தத்துல எனக்குச் சரியாக் கேக்கல.”

அவர் இன்னொரு முறை, முழுசாக, சத்தமாகச் சொன்னார். அவளுக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது.