அம்மாவின் பெயரைக் கேட்ட உபவாச நாள்

சபையாருக்கு அன்பின் வணக்கம். ஆண்டவர் செய்த நன்மையை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியவில்லை.

சென்ற அக்டோபரில் எனக்கு எட்டாம் மாதம். திடீரென்று இரத்தப்போக்கு. பக்கத்து வீட்டுக்காரம்மாதான் ஆட்டோ பிடித்து ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார். நஞ்சுக்கொடி இறங்கியிருக்கிறது, மறுநாள் காலை ஆபரேஷன், கூட சொந்தக்காரர் யாராவது இருக்கட்டும் என்றார் டாக்டர். எனக்கு யார் இருக்கிறார்கள்? என் கணவர் இஸ்ரேலில் ஒரு யூதப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார்.

போன் செய்தேன். அழுதுவிட்டார்.

"இன்னைக்குச் சாயங்காலம் இவங்களுக்குப் பாவநிவிர்த்தி நாள் தொடங்குது. நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் எல்லாரும் உபவாசம். பஸ்ஸும் ஓடாது, பிளேனும் பறக்காது. எப்படி அம்மணி வருவேன்?"

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். "ஆண்டவரே, ஒரு ஆளை அனுப்பும்." அதற்குமேல் ஜெபிக்க வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே மறுபடி அழைத்தார். "பெரியவர் உங்கம்மா பேரைக் கேக்கறாரு. ஜெப ஆலயத்துல உனக்காக வேண்டிக்கப் போறாராம். அதுக்குத் தாயார் பேரும் வேணுமாம். இந்த நாளுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறது இவங்க வழக்கம். இப்பத்தான் என்ற கையைப் புடிச்சு, வருசமெல்லாம் உன்னைத் திட்டிப்போட்டேன், மன்னிச்சுக்கோன்னாரு."

"ஞானசுந்தரி" என்றேன். அம்மாவை அடக்கம் செய்த அன்று எனக்கும் என் அக்காவுக்கும் வாய்ச்சண்டை. அதிலிருந்து பேச்சே இல்லை. காங்கேயத்தில்தான் இருக்கிறாள். அங்கே ஒரு முதலாளி வேலைக்காரரிடமே மன்னிப்புக் கேட்கிறார். நான் கூடப்பிறந்தவளிடம் பேசக் கூடாதா? அழைத்தேன். மணி அடித்து நின்றது. எடுக்கவில்லை. அந்த ஒரு வழியும் போயிற்று என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரம் கதவு திறந்தது. அக்கா!

"உன்ற நம்பரைப் பார்த்ததும் அழுகை வந்துபோச்சு, பேச முடியல கண்ணு. உன்ற பக்கத்து ஊட்டுக்குப் போன் போட்டு எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டுப்போட்டு உடனே பஸ் ஏறிட்டேன்."

"என்னை மன்னிச்சிரு அக்கா."

"என்னையுந்தான். போச்சாது, உடு."

அன்று அவள் மடியில் தலை வைத்துத் தூங்கினேன். காலையில் பெண் குழந்தை. எடை குறைவுதான், ஆனால் அறையே அதிரும்படி அழுதாள். இரத்தப்போக்கும் நின்றது. விமானம் பறக்கத் தொடங்கியதும் கணவரும் வந்து சேர்ந்தார்.

இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்தால் அக்காவோடுதான் சாப்பாடு. அவ்வப்போது சண்டையும் போடுகிறோம். ஆனால் பொழுது சாய்வதற்குள் பேசிவிடுவோம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

தனியாய்க் கிடக்கிறேன் என்று கலங்குகிறவர்களே, நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள். யாரை அனுப்புவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.