நார்தா வீட்டுக் காறல் எண்ணெய்

நார்தாவுக்கு மூக்கு செத்துப்போனது பிப்ரவரி மாதம். எங்கள் ஊரான திராபானி முழுக்க ஒரு காய்ச்சல் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கும் வந்தது, அவளுக்கும் வந்தது. என்னிடம் ஒரு வறட்டு இருமலை விட்டுவிட்டுப் போனது. அவளிடமிருந்து வாசனையை எடுத்துக்கொண்டு போனது.

நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். குடியிருப்பதும் ஒரே கட்டடம்தான். அவள் இரண்டாவது மாடி, நான் மூன்றாவது. காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அழுக்குத் துணி மூட்டைகளை அவிழ்க்கும் இடத்தில் முகத்தை மூடாமல் யாராலும் நிற்க முடியாது. அவளோ முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, உனக்கு நாத்தம் அடிக்கலயா?” என்றேன்.

“ஒண்ணும் தெரியல எஞ்சா. படுத்து எழுந்ததிலேர்ந்து எனக்கு சோப்பும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான். இந்த வேலைக்குத் தோதாத்தான் இருக்கு.”

“வீட்ல சொன்னியா?”

“சொன்னா? கஸ்பாரே டாக்டர்கிட்ட போம்பான். டாக்டர் டெஸ்ட் எடும்பாரு. டெஸ்டுக்கு நான் லீவு போடணும். தானா வரும், விடு. நீ வாயத் தொறக்காத.”

தானாக வரவில்லை. மார்ச் போனது. ஈஸ்டர் போனது. எங்கள் தெருவில் எலுமிச்சை பூத்து உதிர்ந்தது. அவள் அதன் அடியில் குப்பைப் பையோடு நடந்து போவாள், வருவாள்.

அவள் புருஷன் கஸ்பாரே நகரப் பேருந்து ஓட்டுகிறான். கெட்டவன் இல்லை. ஆனால் பேருந்தை விட்டு இறங்கினால் நாற்காலி, நாற்காலியை விட்டு எழுந்தால் கட்டில், அவ்வளவுதான் அவன் நடமாட்டம். அவன் தம்பி பால்தோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உப்பளத்தில் வேலை செய்து முதுகு போய், அண்ணன் வீட்டுக் கடைசி அறையில் இருக்கிறான். ஒரே மகள் பெனெதெத்தா தூரத்தில், டூரினில், ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

பால்தோவுக்கு முதுகுதான் போனதே தவிர நாக்குக்கு ஒரு குறையும் இல்லை. நார்தா எதைச் செய்து வைத்தாலும் அதில் ஒரு சொத்தை கண்டுபிடிப்பான். “அண்ணி, இன்னிக்கு உப்பு கடலுக்கே போயிடுச்சா?” என்பான். “இந்தக் கத்திரிக்காய் எண்ணெய் குடிச்ச அளவுக்கு நம்ம மாமா ஒயின் குடிச்சிருக்க மாட்டாரு” என்பான். சொல்லிக்கொண்டே தட்டை வழித்துத் தின்பான். அவளும் விடமாட்டாள். “வெளிய ஹோட்டல் தொறந்துதான் இருக்கு, போயேன்” என்பாள். மேலே என் வீட்டுச் சன்னலில் நின்றால் இது எல்லாம் கேட்கும். வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் கறியும் மீனும் ஞாயிற்றுக்கிழமைக்கு. மற்ற நாள் ராத்திரிச் சாப்பாடு பாஸ்தா. வெயில் ஏறிவிட்டால் குழம்பு காய்ச்சிக்கொண்டு அடுப்படியில் நிற்க யாருக்கும் தெம்பு இருக்காது. அப்போது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது பச்சைத் துவையல்தான். பூண்டைக் கல்லுப்போடு சேர்த்துப் பளிங்கு உரலில் நசுக்க வேண்டும். துளசி வகையான பேசில் இலையைக் கிள்ளிப் போட்டு, தோலுரித்த பாதாமையும் போட்டு இடித்து, கடைசியில் பழுத்த தக்காளியை மசித்துவிட்டு ஆலிவ் எண்ணெயை ஊற்றிக் கலக்கினால் முடிந்தது. திருகு திருகாக இருக்கும் எங்கள் ஊர்ப் பாஸ்தா வெந்து வருவதற்குள் துவையல் தயார். வேலை முடிந்து களைத்து வருகிறவளுக்கு இதைவிடச் சுலபமான சாப்பாடு கிடையாது.

ஆனால் அந்த வருஷம் அவளுக்கு அதுவும் மலையாக இருந்தது. ஒருநாள் மாலை பேருந்துக்குக் காத்திருக்கும்போது சொன்னாள்:

“கை தானா போகுது எஞ்சா. பூண்டு எவ்வளவு, இலை எவ்வளவுன்னு கைக்குத் தெரியுது. நான் பக்கத்துல சும்மா நின்னுட்டிருக்கேன். வேற யாரோ சமைக்கிற மாதிரி இருக்கு.”

“சாப்பிட்டா?”

“உப்பு தெரியுது. புளிப்பு தெரியுது. மத்ததெல்லாம் ஈரக் காகிதம்.”

முன்பெல்லாம் இடிக்கும்போதே ரொட்டித் துண்டால் உரலைத் துடைத்து வாயில் போட்டுக்கொள்வாள். ஆண்கள் உட்காரும்போது அவளுக்குப் பாதி வயிறு நிறைந்திருக்கும். இப்போது அது இல்லை. மேசையிலும் நாலு வாயோடு எழுந்துவிடுவாள். சீருடையின் இடுப்புப் பட்டையை இரண்டு முறை தைத்துச் சுருக்கினாள். சலவைக்கூடத்தில் மேற்பார்வைக்காரி, “என்ன டயட் இருக்கே, எங்களுக்கும் சொல்லேன்” என்று கேட்டபோது, “வேலைதான்” என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் மாதம் சமையலறைக்கு வெள்ளையடித்தார்கள். எண்ணெய்த் தகரத்தைத் தூக்கி பால்கனியில் வைத்தவர்கள் திரும்ப உள்ளே வைக்க மறந்துவிட்டார்கள். தெற்கேயிருந்து அடிக்கும் அனல்காற்று அந்த வருஷம் நிற்கவே இல்லை. தகரம் வெயிலில் கிடந்து வெந்தது. எண்ணெய் காறிப்போனது. நார்தா அதிலிருந்துதான் தினமும் புட்டியில் ஊற்றிக்கொண்டாள்.

அந்த நாட்களில்தான் பால்தோவின் வாய் அடங்கியது. நான் சன்னலில் நின்று கேட்டுப் பார்த்தேன். கரண்டிச் சத்தமும் டிவிச் சத்தமும்தான் வந்தன. நார்தாவும் கவனித்திருந்தாள். “என் கொழுந்தனுக்கு ஒடம்பு சரியில்ல போல. குத்தமே சொல்ல மாட்டேங்கறான்” என்றாள். “நிம்மதியாத்தான் இருக்கு” என்றும் சொன்னாள். சொன்ன குரலில் நிம்மதி இல்லை.

ஒரு வியாழக்கிழமை இருவரும் ஒன்றாக வேலை முடிந்து வந்தோம். லிஃப்ட் ஓடவில்லை. இரண்டாவது மாடியில் அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

“உள்ள வா. உன் ஒருத்திக்காக எதுக்கு அடுப்பு பத்த வைக்கிற. எப்படியும் நான் இடிக்கத்தான் போறேன்.”

எனக்கும் மூன்றாவது மாடி ஏறத் தெம்பில்லை. போனேன். வெளிச்சம் இன்னும் போகவில்லை. கஸ்பாரே நாற்காலியில் இருந்தான். பால்தோ தட்டுகளை எடுத்து வைத்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உரலை இழுத்துக்கொண்டாள். நான் பாஸ்தாவைக் கொதிநீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் நாலு தட்டும் மேசையில் இருந்தன. சிவப்பும் பச்சையுமாகப் பார்க்க அழகாகவே இருந்தது.

முதல் வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு காறல். தண்ணீரை எடுத்துக் குடித்தேன். பால்தோ மேசைக்கடியில் என் காலை மிதித்தான். நிமிர்ந்து பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கஸ்பாரே யாரையும் பார்க்கவில்லை. மருந்து குடிக்கிறவன் மாதிரி தலையைக் குனிந்து விழுங்கிக்கொண்டிருந்தான்.

“எப்படி இருக்கு?” என்று நார்தா பொதுவாகக் கேட்டாள்.

“நல்லா இருக்கு அண்ணி” என்றான் பால்தோ.

நார்தா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்ன சொன்ன?”

“நல்லா இருக்குன்னு சொன்னேன்.”

“நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து உன் வாயில இந்த வார்த்தை வந்ததில்ல. கல்யாண விருந்துல கூட கேக்கு காஞ்சிருக்குன்னு சொன்னவன் நீ. எஞ்சா, நீ சொல்லு. என்ன இது?”

அதற்கு மேல் எனக்கு நடிக்க வரவில்லை. “எண்ணெய் காறிப்போச்சுடி” என்றேன்.

அவள் தட்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனாள். பழக்கதோஷம். பிறகு கீழே வைத்தாள்.

“எவ்வளவு நாளா?”

“வெள்ளையடிச்சதுலேர்ந்து” என்றான் பால்தோ.

“அன்னிலேர்ந்து இதையா தின்னுட்டிருக்கீங்க? ரெண்டு பேரும்? ஒருத்தன்கூட வாயத் தொறக்கலயா?”

கஸ்பாரே வாயைத் துடைத்துக்கொண்டான். காதெல்லாம் சிவந்திருந்தது.

“நீ வேணும்னே போடறேன்னு நெனச்சேன்” என்றான்.

“வேணும்னா?”

“ஈஸ்டர் விஷயம்.”

“ஈஸ்டர் என்ன விஷயம்?”

“டூரின் போலாம்னு சொன்னேல்ல. டியூட்டி போட்டுட்டாங்கன்னு நான் சொன்னேன். யாரும் போடல. நானாத்தான் கேட்டு வாங்கினேன். அவ்வளவு தூரம் ரயில்ல உக்காரணும்னு நெனச்சாலே எனக்கு... அது உனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் கோவத்துல கெட்டுப்போன எண்ணெயா ஊத்தறேன்னு நெனச்சேன். சரி, கோவம் தீர்ற வரைக்கும் தின்னுடுவோம்னு...”

“எனக்குத் தெரியாது” என்றாள் நார்தா.

“எது?”

“நீ பொய் சொன்னது. இப்பத்தான் தெரியுது.”

பால்தோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினான். எனக்கும் வந்தது. கடைசியில் நார்தாவே சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. தோள் குலுங்க ஆரம்பித்து, கண்ணில் நீர் வந்து, மேசைத்துணியின் ஓரத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“எனக்கு வாசனை தெரியாது கஸ்பாரே. அந்தக் காய்ச்சல்லேர்ந்து” என்றாள் துணிக்குள்ளிருந்தே.

கஸ்பாரே எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் எண்ணெய்ப் புட்டியைத் திறந்து அவள் மூக்கருகே நீட்டினான். “இதுகூடவா?”

“அதுகூடத்தான்.”

“காப்பி?”

“இல்ல.”

“என் சட்டை?”

“அது தெரியாம இருக்கிறது ஒண்ணுதான் இதுல எனக்கு லாபம்” என்றாள். அவன் புட்டியை மூடி வைத்தான்.

“ஏன் சொல்லல?”

“எப்பச் சொல்றது? நீ வந்ததும் டிவி போடற. நான் வந்ததும் தண்ணி கொதிக்க வைக்கிறேன். உக்காந்து ஒரு விஷயம் சொல்றதுக்குக்கூட எனக்குத் தெம்பில்ல. சொன்னா நீங்க கேள்வி கேப்பீங்க, அதுக்கெல்லாம் பதில் சொல்லணும். களைச்சுப்போச்சு எனக்கு. மூக்குக்காக அழல. களைச்சுப்போய் அழறேன்.”

பால்தோ மட்டும் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. நார்தா அவன் பக்கம் திரும்பினாள். “உனக்கு?”

“எனக்குத் தெரியும் அண்ணி” என்றான். “மே மாசம் ஒரு நாள் தண்ணி குடிக்க வந்தேன். நீங்க பேசில் தொட்டி பக்கத்துல நின்னுட்டிருந்தீங்க. ஒரு இலையக் கசக்கி மோந்து பாத்துட்டுக் கீழ போட்டீங்க. இன்னொண்ணு. மறுபடியும் இன்னொண்ணு. தரையெல்லாம் எலை. நான் தண்ணி குடிக்காமலே போயிட்டேன்.”

“அதனாலதான் குத்தம் சொல்றத நிறுத்தினியா?”

“உப்பு கூடன்னா சொல்லலாம். இதை எப்படிச் சொல்றது? அதுவும் இல்லாம, சொல்லி நீங்க சமையலை விட்டுட்டா, அண்ணன் சமைச்சதை நான் திங்கணும். அதுக்குக் காறல் எண்ணெயே தேவலாம்.”

அன்றைக்கு அந்தப் பாஸ்தாவைக் குப்பையில் கொட்டினோம். நான் மேலே போய் என் எண்ணெயையும் கொஞ்சம் ரொட்டியையும் தக்காளியையும் கொண்டு வந்தேன். அதைத் தின்றுவிட்டு எல்லோரும் படுக்கப் போனோம்.

பிறகு டாக்டரிடம் போனாள். கஸ்பாரேதான் கூட்டிப்போனான். வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு என்று சின்னச் சின்னக் குப்பிகளைக் கொடுத்து, தினம் காலையில் அவற்றை நினைத்துக்கொண்டு மோந்து பார்க்கச் சொன்னார். கொஞ்ச நாள் செய்தாள். “இதுவும் ஒரு வேலையாப் போச்சு” என்று நிறுத்திவிட்டாள். பால்தோ தினமும் அவற்றைக் கொண்டுவந்து நீட்ட, திட்டிக்கொண்டே மறுபடி செய்தாள். ஆகஸ்டில் மூவரும் டூரின் போய் வந்தார்கள். ரயிலில் கஸ்பாரே எங்கள் தீவின் கடைசி ஊரான மெஸ்ஸினா வரைக்கும் முனகினான், பிறகு தூங்கிவிட்டான் என்று நார்தா சொன்னாள். மகள் வீட்டில் அவளை யாரும் சமையலறைக்குள் விடவில்லையாம். மூன்று நாளும் பகலிலேயே தூங்கினாளாம்.

வீட்டில் பெரிய மாற்றம் எதுவும் வந்துவிடவில்லை. காலையில் அதே மூட்டைகள், அதே விரிப்புகள். ஆனால் வாரத்தில் சில நாள் ஆண்கள் சமைக்கிறார்கள். பால்தோ நாற்காலியில் உட்கார்ந்து மடியில் உரலை வைத்துக்கொண்டு இடிப்பான், முதுகு குனிய முடியாதே. கஸ்பாரே தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

செப்டம்பரில் ஒருநாள் என்னையும் கூப்பிட்டார்கள். நார்தா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தாள். பூண்டு எத்தனை பல் என்று அண்ணனும் தம்பியும் சண்டை.

“நாலு போடுடா.”

“நாலு போட்டா நாளைக்கு உன் பஸ்ல ஒருத்தன் ஏற மாட்டான்.”

“பாதாமை மாவாக்காத பால்தோ” என்றாள் நார்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே. “பெருசு பெருசாவே இருக்கட்டும். எனக்குக் கடிக்க ஏதாவது வேணும்.”

அப்படியே செய்தான். அவள் தட்டுக்கு மட்டும் பாதாமைத் தனியாக உடைத்துத் தூவினான், எலுமிச்சையும் கொஞ்சம் பிழிந்தான். அவள் மெதுவாக, நறநறவென்று கடித்துச் சாப்பிட்டாள். முக்கால் தட்டு காலியானது. மீதியைப் பால்தோ பக்கம் தள்ளிவிட்டு, “காலையில முதல் ஷிஃப்ட்” என்று சொல்லி எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

கதவு சாத்தியதும் கஸ்பாரே என் பக்கம் குனிந்தான்.

“நல்லா இருக்கா எஞ்சா? உண்மையச் சொல்லு.”

“பாஸ்தா குழைஞ்சுபோச்சு” என்றேன்.

“நாளைக்கு முன்னாடியே எறக்கிடறேன்” என்றான்.