இரண்டு ஐஸ்

ஜேர்மன்காரர் துப்பாக்கிக் குண்டுக்கும் ஐஸ்கிறீம் உருண்டைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள்: கூகெல். இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது அகதி விசாரணையில். பிறகொரு நாள், எங்கள் குடியிருப்புக்குக் கீழேயுள்ள கடையில் ஒரு கிழவி சிரித்த முகத்தோடு தனக்கு இரண்டு கூகெல் வேண்டும் என்றாள். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கடைக்காரன் ஓர் இத்தாலியன். எல்லாம் தன் கையாலேயே செய்வதாகப் பலகையில் எழுதி வைத்திருக்கிறான். மார்ச் மாதக் குளிரில் கையுறையும் கோட்டுமாக வரிசையில் நின்று நக்கும் அந்தச் சனத்தைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். பத்து வருடத்தில் நானும் அந்த வரிசையில் ஒருவனாகிவிட்டேன். அவர்களைப் போலவே ஐஸ்கிறீமை வெறும் 'ஐஸ்' என்று சொல்லவும் பழகிவிட்டேன்.

அந்தப் பழக்கத்தோடுதான் தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில், சண்டை ஓய்ந்திருந்த வாரங்களில், அம்மாவின் ஆண்டுத்திவசத்துக்குக் கோப்பாய் போனேன். செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. பயணப் பத்திரம் கிடைக்கவில்லை என்று பிறகு எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் விண்ணப்பிக்கவே இல்லை. அப்போது அகதி வழக்கு முடியாத நேரம், வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்ற பயம். அம்மா படுக்கையில் கிடந்தபோது, அவள் மனம் ஆறட்டும் என்று, வெளிக்கிட்டுவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதினேன். அந்தப் பொய்யைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தங்கச்சி மட்டும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவளை எப்படியாவது சமாதானப்படுத்த வேண்டும் என்றுதான் சந்திக்குக் கிட்ட இருந்த கூல்பாருக்குக் கூட்டிப்போனேன்.

கூல்பாராம். மின்சாரம் போய் வருடக்கணக்காகியிருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் மாதிரி ஒன்றை மண்ணெண்ணெயில் ஓட்டி அந்த மனுசன் ஐஸ்கிறீம் செய்துகொண்டிருந்தார். காய்ச்சலுக்குக் குளிசை கிடைக்காத ஊரில் இவருக்கு இந்தச் சீத்துவம். கறள் பிடித்த மேசை. பக்கத்து மேசைக் கோப்பையில் றோஸ் நிறத் தண்ணீர், அதற்கு மேல் ஒரு துண்டு ஜெலி. இதைத் தின்ன விபூதிப் பூச்சோடு ஒரு குடும்பமே வெளிக்கிட்டு வந்து, கோயிலில் இருப்பதுபோல் வாய் பேசாமல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வெளிநாட்டுக்காரனுக்குரிய தோரணையோடு சொன்னேன்:

"ரண்டு ஐஸ் தாங்கோ."

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆர் தம்பி? எப்ப நடந்தது?"

மனுசனுக்குக் காதும் மந்தம் போலும் என்று நினைத்தேன். சாப்பிடத்தான் கேட்டேன் என்று எரிச்சலோடு சொன்னேன். தங்கச்சி மேசையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அண்ணை, இஞ்சை ஐஸ் எண்டு கேட்டு வாறது செத்தவீட்டுக்காரர்தான்."

அவர் அப்போதுதான் அவளைக் கவனித்தார். அவள் முகத்திலிருந்து என் முகத்துக்கு வந்தார். ஜேர்மனியில் இருக்கிற அண்ணையோ என்று அவளிடம் கேட்டார். அவள் தலையசைத்தாள்.

"கொம்மாவுக்கும் நான்தான் தம்பி குடுத்தனான். நீர் வழியிலை வாறீர் எண்டு பிரேதத்தை ரண்டு நாள் ஐஸிலை வைச்சிருந்தவை. இருந்த எண்ணெய் முழுக்க அதுக்குத்தான் ஓட்டினது. மூண்டாம் நாள் விடியத்தான் எடுத்தவை."

அவர் குற்றம் சொல்லவில்லை. ஐஸ்கிறீம் எடுக்க உள்ளே போய்விட்டார். அந்த எஞ்சினைப் பார்த்துச் சிரித்த என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டு கோப்பைகள் வந்தன. இரண்டும் அப்படியே கரைந்தன. தங்கச்சி தன்னுடையதை மெல்ல என் பக்கம் தள்ளினாள்.

"வெளிக்கிட்டிட்டன் எண்டு எழுதினியள். நாங்கள் நம்பினம் அண்ணை."

அதற்குப் பிறகு நான் திரும்பும்வரை அவள் என்னோடு கதைத்தாள். சோறு போடட்டோ, தண்ணி வேணுமோ என்று, வீட்டுக்கு வந்த விருந்தாளியோடு கதைக்கிற மாதிரி.

இப்போதும் அந்த இத்தாலியனின் வரிசையில் நிற்கிறேன். வெட்கம் கெட்டவன், நிற்கத்தான் செய்கிறேன். என் முறை வருகிறது. ஐஸ் என்கிறேன். அவன் எத்தனை என்று கேட்கிறான். ஆர் என்று ஒருநாளும் கேட்கமாட்டான்.