விருந்தாளிக்குப் போட்ட ரோட்டு

எங்கள் ரோட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தாலே எனக்கு இப்போதெல்லாம் கொட்டாவிதான் வருகிறது. கோபம் வந்த காலம் ஒன்று இருந்தது. கூட்டம், கையெழுத்து, மறுபடி கூட்டம் என்று அலைந்து அலுத்துப்போனேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், சிங்களமும் நன்றாகப் பேசுவேன் என்பதால் எல்லாக் கூட்டத்திலும் முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி. எங்கள் ஆட்கள் சொல்வதை அதிகாரிகளுக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்வதை இவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். யார் யாரைத் திட்டினாலும் அது என் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

மாத்தளையிலிருந்து லக்கல பக்கம் போகிற பஸ் எங்களை இறக்கிவிடும் சந்தியிலிருந்து தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு வர ஒரே வழிதான். முதல் துண்டு தார் ரோட்டு. கடைசித் துண்டு தோட்டத்துடையது, கல் பதித்தது, குறை சொல்ல முடியாது. நடுவில் இருப்பது காடு. ஏலக்காய் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் போன பாதை அது. காடு அரசாங்கத்தின் ஒதுக்குக் காடானதும் பாதையும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அங்கே மண்ணை வெட்டுவதற்கும் மரக்கிளையைத் தறிப்பதற்கும் அனுமதி வேண்டும். மழை மட்டும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் வந்து பாதையை வாரி ஓடையில் கொட்டிவிட்டுப் போகும்.

என் வீட்டுக்காரர் அதே பாதையில் தோட்டத்து லொறி ஓட்டியவர். உர மூட்டை இறக்கும்போது லொறியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டது. ஒப்பரேஷன் செய்தார்கள். வீட்டுக்குள் சுவரில் அடித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். மாதா மாதம் மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போக வேண்டும். தவறாமல் வந்தால் கால் தேறும், விட்டுவிட்டால் பொறுப்புச் சொல்ல முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஜீப்பில் போனால் பாதையின் ஒவ்வொரு கிடங்கும் குழியும் அவர் முதுகில் இறங்கும். அதனால் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டி, பக்கத்து லயத்துப் பையன்கள் நான்கு பேர் காட்டுத் துண்டு முழுக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். திருவிழாவில் மாதா சுரூபத்தைத் தூக்குகிற அதே பையன்கள்தான். “எனக்கும் ஒரு மாலையப் போட்டுத் தூக்குங்கடா” என்பார். சறுக்குகிற இடத்தில் பையன்கள் தடுமாறினால் தோளில் கிடக்கிற துவாயை வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார்.

மகள் மாத்தளை டவுனில் இருக்கிறாள். அங்கே வந்துவிடச் சொல்லி நச்சரிப்பாள். இவர் பதில் எப்போதும் ஒன்றுதான். “ரோட்ட போட்டா ஒழுங்கா கிளினிக் போறேன். போடாட்டி இங்கயே கெடக்கிறேன். டவுனுக்கு மட்டும் கூப்புடாதீங்க.” ஆகவே மற்றவர்களுக்கு ரோட்டு என்றால் ரோட்டு. எனக்கு அது அவருடைய காலும் எங்கள் வீடும்.

கூட்டத்தில் பேசப்பட்டதை எல்லாம் எழுதினால் எனக்கே தூக்கம் வரும். வனத்துறை அதிகாரி நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். பாதையை அகலமாக்கினால் மரம் ஏற்றுகிற லொறி வரும், லொறி வந்தால் மரம் போகும், மரம் போனால் தண்ணீர் போகும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் குழாயில் வருவது அந்தக் காட்டுத் தண்ணீர்தான். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிற எங்கள் ஊர் ஆள் ஒருவர், பாதை கரடுமுரடாக இருந்தால்தான் ஜீப் தேவைப்படும் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதுவும் பொய்யில்லை. கொழும்பிலிருந்து மலையேற வருகிற ஒரு தம்பி கையில் போனை வைத்துக்கொண்டு எழும்பி, இந்தப் பாதையில் நடப்பதே ஓர் அனுபவம், தயவுசெய்து அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று உருகினார். அதையும் நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பின்னாலிருந்து ஒரு பொம்பளை, “அந்தத் தம்பிய எங்க நாற்காலியில ஒரு நடை தோள் குடுக்கச் சொல்லுங்க டீச்சர், அதுவும் அனுபவந்தானே” என்றாள். அதை மட்டும் நான் சிங்களத்தில் சொல்லவில்லை.

நாங்கள் கேட்டது பெரிய ரோட்டும் அல்ல. இரண்டு டயர் போகிற அளவுக்கு இரண்டு வரி கொங்கிறீட், சறுக்குகிற வளைவில் மழைத்தண்ணீர் ஓட ஒரு கான். கடைசியில் அதிகாரி, நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து ஆள் வந்தால் அதற்கு முதல் நாளே ரோட்டைச் சரிசெய்வோம். திருவிழாவுக்குச் சாமியார் வரும்போது, மாப்பிள்ளை வீட்டார் வரும்போது, ஊருக்குள் சவப்பெட்டி வரும்போது எல்லோரும் இறங்குவார்கள். ஓடையிலிருந்து கல் பொறுக்கி வந்து கிடங்கை அடைப்பார்கள். ஒரு முழு நாள் வேலை, அடுத்த மழையோடு போய்விடும். ஆனாலும் வருகிறவர்கள் குலுங்கி வந்து சேர்ந்தால் அது எங்களுக்கு வெட்கம். உள்ளூர்க்காரனுக்கு ரோட்டு போடுகிற வழக்கம் மட்டும் கிடையாது. கிளினிக் நாளுக்குச் செய்யலாமா என்று பையன்கள் ஒரு தடவை கேட்டபோது, “எனக்காக ஒருத்தனும் மம்பட்டி தூக்கக் கூடாது, நாளைக்கு வேலைக்குப் போற ஆளுங்க” என்று இவர் சத்தம் போட்டார்.

அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் யாரும் யாரையும் கேட்கவில்லை. முதல் நாள் விடிந்ததும் மம்பட்டியோடும் கல் பெயர்க்கிற அலவாங்கோடும் ஊரே இறங்கிவிட்டது. நானும் பெரிய கேத்தலில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு போனேன். என்ன செய்கிறோம் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மறுநாள் வாகனம் பூப்போல வந்து லயத்து வாசலில் நின்றபோதுதான் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதிகாரி இறங்கி, “பரவாயில்லையே, நான் பயந்த அளவுக்கு இல்லையே” என்றார்.

விட்டேனா? நேற்றுத்தான் ஊர் கூடிக் கிடங்கை அடைத்தது, ஒரு மழைக்குக் கூடத் தாங்காது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். “அப்படியானால் உங்களாலேயே இதை நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியுமே, கொங்கிறீட் எதற்கு?” என்றார். அதைத் தமிழில் சொல்லும்போது என் நாக்கு கசந்தது. எங்கள் ஆட்கள் அவருக்கு அவித்த பயறும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த வாரம் மழை. ரோட்டு பழைய இடத்துக்கே போய்விட்டது. கிளினிக்குக்குத் தூக்கிப் போகும்போது வளைவில் முன்னால் போன பையன் சறுக்கி விழ, நாற்காலி சாய்ந்து இவர் இடுப்பு தரையில் மோதியது. அன்றைக்குத் துவாயும் உதவவில்லை, கத்தினார். அதற்கு அடுத்த மாதம் கிளினிக் போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன், அசையவில்லை.

நான் மறுபடி நடையாய் நடந்து, அதிகாரி இன்னொரு தரம் வந்து பார்க்க நாள் வாங்கினேன். இந்த முறை ஞாயிறு பூசை முடிந்ததும் தோட்டத்துச் சங்கத் தலைவர் கோவில் வாசலில் வைத்தே சொன்னார்: “ஒருத்தரும் ரோட்டத் தொடக் கூடாது. கெடக்கிறபடி கெடக்கட்டும். பார்க்கட்டும்.” எல்லோரும் சரி என்றார்கள். சொன்னபடி இருந்தும் காட்டினார்கள். அதுதான் எங்களுக்குக் கஷ்டமான வேலை. வளைவுக்கு மேலே கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். கீழே வாகனம் சேற்றில் இறங்கி டயர் சுற்றிச் சுற்றி உறுமியது. அதிகாரி காற்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் கால் வைத்ததும் எங்கள் ஆட்களால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய்த் தள்ளினார்கள். மேலே ஏற்ற முடியவில்லை. பின்னால்தான் தள்ள முடிந்தது.

“இதில் மேலே வர வழியில்லையே டீச்சர், மழை விட்டதும் பார்ப்போம்” என்று அவர் திரும்பிப் போய்விட்டார். அடுத்த கூட்டத்தில், பாதை மோசமாக இருந்தபடியால் பாதையைப் பார்வையிட முடியவில்லை என்று வாசித்தார்கள். நான் அதைத் தமிழில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர்தான் விழுந்து விழுந்து சிரித்தார், முதுகு வலி எடுக்கும்வரை.

அடுத்த கிளினிக்கும் தவறியது. ஒரு நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனவர் திரும்பி வரும்போது இடது காலில் செருப்பு இல்லை. “செருப்பு எங்கங்க?” என்றேன். குனிந்து பார்த்தார். கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. நிமிர்ந்து, “மகளுக்குப் போன் போடு” என்றார்.

டவுனுக்குப் போவதற்கு முதல் நாள் முழுக்கச் சாமான் கட்டினேன். ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் இவர்களுக்காகத் தொண்டை கிழியப் பேசியவள், போகிற நாளில் ஒரு வார்த்தை கேட்க நாதியில்லையே என்று மனது நொந்துபோனது. காலையில் தலைவர் வந்து, “நாற்காலி வேணாம் டீச்சர், ஜீப்பு வந்திருக்கு” என்றார். அன்று கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய அதே ஜீப்புக்காரர்தான் வாசலில் நின்றார். ஜீப்பில் போனால் என் வீட்டுக்காரர் முதுகு என்ன ஆகிறது என்று நான் பாய்ந்தேன். “ஏறுங்க டீச்சர்” என்று மட்டும் ஜீப்புக்காரர் சொன்னார்.

காட்டுக்குள் நுழைந்ததும் வரப்போகிற அடிக்கு நான் அவர் தோளை இறுக்கிப் பிடித்தேன். அடி வரவில்லை. கிடங்குகளில் கல் அடுக்கி மேலே சரளை போட்டு மிதித்திருந்தது. வளைவில் புது மண். முதல் நாள் முழுக்க ஊர் எங்கே இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஜன்னல் வழியாகத் தரையையே பார்த்துக்கொண்டு வந்தவர் வளைவில் நிறுத்தச் சொன்னார்.

“யாருக்குடா போட்டீங்க?”

“ஒங்களுக்குத்தான் அண்ணே” என்றார் ஜீப்புக்காரர்.

“நான் என்ன விருந்தாளியாடா?” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

ஜீப்புக்காரர் வண்டியை மெல்ல எடுத்தார். சந்திக்கு வந்ததும் வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அடிபட்ட பிறகு அந்த ரோட்டில் அவருக்கு வலிக்காமல் போனது அன்றைக்கு மட்டும்தான்.