வெறுங்கையோடு திரும்பும் கோரின்

கோரின் ஹெர்லாஷுக்கு எங்கள் பக்கத்தில் முதலில் கிடைத்த பெயர் ராங்கிக்காரி. அவள் செய்த குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் எங்கள் டோர் கவுண்டிப் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்ப விடமாட்டார்கள். வீடு என்ன, பட்டறைக்கு வந்தாலும் அப்படித்தான். ஆப்பிள் கேக், காய்ந்த செர்ரி, மான்கறி சாசேஜ் என்று ஏதாவது ஒன்று கையில் ஏறிவிடும். கேக் வந்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பவர்களைப் பற்றி மாதாகோயில் வாசலில் என்ன பேசுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பேசுகிறவர்களில் நானும் ஒருத்தி. இதே மண்ணில் பிறந்த கோரினோ, எதை நீட்டினாலும் கையை மடியை விட்டு எடுக்கமாட்டாள். "எனக்குக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து ஒரு காய்ந்த சாண்ட்விச்சை எடுத்துத் தின்பாள்.

மாநில அரசின் ஏற்றுமதி உதவி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. சின்னத் தொழில் நடத்துகிறவர்களுக்கு, தங்கள் சரக்கை வெளிநாட்டில் விற்க வழி காட்டவேண்டும். அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் அந்தத் தொழில்காரர்களிடம் எதையும் வாங்கக்கூடாது என்று சட்டம். ஒரு துண்டு கேக்குக்காக யாரும் ஜெயிலுக்குப் போனதில்லைதான். ஆனால் இன்று கேக் வாங்கினால், நாளை ஒருவன் சரக்கு மட்டம் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது என்பது அவள் கட்சி. முகத்துக்கு நேரே சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

நான் நார்ப் டெல்விச்சின் பட்டறையில் கணக்கும் தொலைபேசியும் பார்த்தேன். செர்ரிப் பழத்தை நசுக்காமல் பெரிது சிறிதாகத் தரம் பிரிக்கும் இயந்திரம் செய்தோம். எங்கள் தொல்லை என்னவென்றால், எங்கள் இயந்திரம் கெட்டுப்போகாது. நார்ப்பின் அப்பா விற்றது இன்னும் பக்கத்துத் தோட்டங்களில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எவன் புதிதாக வாங்குவான்? ஒவ்வொரு குளிர்காலமும் பட்டறையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பவேண்டி வந்தது. அந்த வருடம் பட்டறையையே மூடிவிடலாமா என்று நார்ப் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அரித்த பழைய காரில் கோரின் வந்து இறங்கினாள்.

"நார்ப், கிறிஸ்துமஸுக்குச் செர்ரி பழுக்கிற ஊர் ஒண்ணு இருக்கு, தெரியுமா?" என்றாள்.

"தெரியுமே. அங்க போறதுக்கு முதல்ல சாகணும்னு எங்க பாதிரியார் சொல்லியிருக்காரு."

"சாக வேண்டாம். சிலிக்குச் சரக்கு அனுப்பினா போதும். அங்க அப்பதான் கோடை."

அவளுக்கு ஸ்பானிஷ் தண்ணீர் பட்ட பாடு. எந்தக் கல்லூரியிலும் படித்ததல்ல. சின்ன வயதில், டெக்சஸிலிருந்து பழம் பறிக்க வரும் மெக்சிகோக் குடும்பங்களோடு சேர்ந்து கோடை முழுக்க மரத்தடியில் கிடந்தவள். வாழ்த்துவதற்கும் திட்டுவதற்கும் அவர்களிடமே கற்றாள். அப்புறம் கப்பல் கட்டும் தளத்து அலுவலகத்தில் இருந்துவிட்டு, அங்கிருந்து அரசு வேலைக்குப் போனாள். சிலியில் குரிக்கோ என்ற ஊரில் செர்ரி விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று உண்டு. அதன் தலைவி பெர்னார்தா ஓயர்சூனைத் தேடிப் பிடித்து எங்களோடு பேசவைத்தது கோரின்தான்.

பேசவைத்ததோடு விட்டாளா? நார்ப்பின் உயிரை எடுத்துவிட்டாள். நம் பழம் காம்பில்லாமல் வரும், அங்கே காம்போடு விற்பார்கள், காம்புள்ள பழத்தை ஓட்டிக் காட்டுங்கள் என்றாள். ஓட்டினோம். உருளைகள் காம்பைப் பிய்த்து எறிந்தன. அந்தக் கோடை முழுக்க உருளைகளை மாற்றி மாற்றிச் செய்தோம். அங்கே மின்சாரம் வேறு மாதிரி என்று மோட்டாரையும் மாற்றவைத்தாள். எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை பெட்டிக்கு. நார்ப் தன் சொந்தக் காட்டு மரத்தில் பெட்டி அடிப்பேன் என்று நின்றார். சூட்டில் வைத்து முத்திரை குத்திய பலகையைத்தான் வாங்கவேண்டும் என்றாள் இவள்.

"என் மரத்துக்கு என்ன குறை?"

"மரத்துக்கு ஒண்ணுமில்ல. உள்ள புழு இருந்தா அதுக்கும் பாஸ்போர்ட் எடுக்கணும், அதான்."

ஆறு இயந்திரங்கள், ஆறு பெட்டிகள். ஆணி அடிப்பதற்கு முன்னால் கோரின் நார்ப்பிடம் கடைசியாக ஒன்று கேட்டாள். இயந்திரத்தைத் தவிர உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா? ஒன்றுமில்லை என்றார் நார்ப். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

சரக்கு சிலித் துறைமுகத்தில் இறங்கிய செய்தி வந்தது. அதற்குப் பின்னாலேயே, அது அங்கேயே நிற்கிறது என்ற செய்தியும் வந்தது. சோதனைக்காரர்கள் முதல் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். இயந்திரத்தின் தட்டில், நீல ரிப்பன் கட்டிய பை நிறையக் காய்ந்த செர்ரி. நார்ப்பின் மனைவி மார்லீஸ் கட்டும் ரிப்பனை இந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பட்டறையிலிருந்து எந்தச் சரக்கு போனாலும், இயந்திரம் எத்தனையானாலும், முதல் இயந்திரத்தின் தட்டில் அவள் ஒரு பை வைப்பாள். வாங்குகிற வீட்டுக்கு நம் வீட்டுப் பழம். நார்ப் கோரினிடம் பொய் சொன்னதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் கணக்கில் அதெல்லாம் 'ஏதாவது' என்பதில் சேராது. மூச்சு விடுவதைப் போய் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

சிலிக்காரர்களுக்குப் பழம்தான் பிழைப்பு. வெளியிலிருந்து ஒரு புழு வந்தால் மொத்தத் தோட்டமும் போச்சு என்ற பயம் அவர்களுக்கு. அது நியாயமான பயம் என்பது செர்ரி வளர்க்கும் எங்களுக்கா தெரியாது? மற்ற ஐந்து பெட்டிகளிலும் என்ன இருக்கிறது என்று இப்போதே சொல்லுங்கள் என்று பெர்னார்தா மூலம் கேட்டிருந்தார்கள். உள்ளதைச் சொன்னால் எடுத்து எறிந்து, மருந்து போட்டு, அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிப் பிறகு கிடைத்தால் ஆறும் திரும்பி வரும். அறுவடை தொடங்கப்போகிறது. அதற்குள் இயந்திரம் ஓடாவிட்டால் பெர்னார்தா வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார். அப்புறம் எங்கள் பட்டறைக்குப் பூட்டுத்தான். இதெல்லாம் ஒரு ஆள் விடாமல் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நார்ப் மனைவியின் ரிப்பனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மற்ற எல்லோர் மேலும் எகிறினார். எவன் என்ன வைத்தான் என்று கேட்டுப் பட்டறை அதிரக் கத்தினார். எல்லோரும் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரே அலுத்துப்போய், மற்றதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும்படி கோரினிடம் சொன்னார்.

"நான் சொன்னா பெர்னார்தா நம்புவாங்க, நார்ப். நம்மகிட்ட இப்ப இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் செலவழிச்சிட்டு வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா?"

பிறகு அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நானும் இந்த ஊர்க்காரிதான். இங்கேருந்து ஒரு பெட்டி சும்மா போகாதுன்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா உங்க கேக்கை வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு வெளியில போயி காருக்குள்ள உக்காந்து எச்சில் முழுங்கியிருக்கேன். அது எனக்கு சுகமா இருந்துச்சுன்னா நினைக்கிறீங்க? யாரு வச்சதுன்னு நான் கேக்கல. யாரும் சொல்லவும் வேண்டாம். எந்தப் பெட்டி, எந்த இடம், என்ன பொருள். அவ்வளவுதான்."

எங்கள் மூத்த ஃபிட்டர் கிளீட்டஸ் தொண்டையைச் செருமினார்.

"மூணாவது. மோட்டாருக்குப் பின்னால. சாசேஜ்" என்றார். "நல்ல மான்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்.

அணை உடைந்தது. இரண்டாவதில் மேப்பிள் பாகு, வெல்டர் ஜோலீன் வீட்டில் காய்ச்சியது. நான்காவதில் வால்நட். ஐந்தாவதில் ஒரு கட்டிச் சீஸ், அதோடு ஒரு ஜாம் பாட்டில். வைத்த இருவருக்கும் ஒருவர் வைத்தது மற்றவருக்குத் தெரியாதாம். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது. நான் எதுவும் வைக்கவில்லை. யாராவது நினைவுபடுத்தியிருந்தால் வைத்திருப்பேன்.

"ஆறாவது?" என்றாள் கோரின்.

ஆறாவது பெட்டிக்கு ஆணி அடித்தது நார்ப். எல்லோரும் கண்ணை அந்தப் பக்கம் திருப்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம். அவர் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

"கம்பிக் கட்டுக்கு அடியில" என்றார். "செர்ரி பிராந்தி. நான் போட்டு வச்சது. ஒரே ஒரு பாட்டில்தான்." அப்புறம், எல்லோருக்கும் கேட்கும்படி, "கோரின், நீ கேட்டப்ப இது எனக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றார். எங்கள் முதலாளி மன்னிப்புக் கேட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கோரின் தலையை மட்டும் ஆட்டிவிட்டு என் மேசையில் உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தாள்.

ஸ்பானிஷில் ஒன்று விடாமல் சொன்னாள். எனக்குப் புரிந்தது பெயர்கள் மட்டும். மானைப் பற்றிச் சொல்லும்போது மறுமுனையில் பெர்னார்தா சிரிப்பது எனக்கே கேட்டது. சோதனைக்காரர்கள் அவள் சொன்ன இடங்களிலெல்லாம் கை வைத்தார்கள். சொன்னது எல்லாம் இருந்தது, சொல்லாதது எதுவும் இல்லை. பிராந்தியைச் சாக்கடையில் ஊற்றினார்களாம். நார்ப் அபராதத்தை முணுமுணுக்காமல் கட்டினார். முதல் பழம் பறிப்பதற்குள் ஆறு இயந்திரங்களும் குரிக்கோவில் ஓடின. அந்தக் குளிர்காலம் எங்கள் பட்டறையில் ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பவில்லை. அடுத்த வருடம் பெர்னார்தா கேட்டதைச் செய்துமுடிக்க இரண்டு ஷிஃப்ட் ஓட்டவேண்டி வந்தது.

இனிமேல் பெட்டிக்குள் எதையும் வைக்கக்கூடாது என்று கோரின் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வேறு எந்த அதிகாரியும் அதைத்தான் செய்திருப்பார். இவள் மார்லீஸிடம் போய், துணியில் புழு வராது, துடைக்கும் துண்டில் செர்ரிப் பூத்தையல் போடமுடியுமா என்று கேட்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்தோடும் ஒரு துண்டு போகிறது, சரக்குப் பட்டியலில் வெளிப்படையாக எழுதப்பட்டு. அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அந்தத் துண்டினால்தான்.

எங்களுக்கு மட்டும் இல்லை. பனியில் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கும் தூண்டில் செய்கிறவரைப் பின்லாந்துக்கும், மாட்டுக்கொட்டகைக் கதவு செய்யும் அண்ணன் தம்பியை நியூசிலாந்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எல்லோரோடும் சண்டை, எல்லோரிடமும் வெறுங்கை.

போன வசந்தத்தில் ஓய்வு பெற்றாள். அலுவலகத்து விருந்தில்கூடத் தன் சாண்ட்விச்சைத்தான் தின்றாளாம். மறுநாள் காலை அவள் வீட்டுச் சந்து தொடங்கி நெடுஞ்சாலை வரை கார்கள் நின்றன. தூண்டில்காரர், கதவுக்காரர்கள், எங்கள் பட்டறை மொத்தமும், எனக்குப் பெயர் தெரியாத எத்தனையோ பேர். ஒவ்வொருவர் கையிலும் மூடி போட்ட ஒரு பாத்திரம். சமையலறை நிறைந்து, கூடம் நிறைந்து, மாடிப்படியில் அடுக்கினோம். கோரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை பாத்திரத்தையும் காலியாகத் திருப்பிக் கொடுக்கமுடியாதே என்று அவள் முனகியது என் காதில் விழுந்தது. பிறகு அழுதாள். நானும் அழுதேன்.

கடைசியாக நார்ப் வந்தார், ஒரு பாட்டிலோடும் இரண்டு கோப்பைகளோடும். ஊற்றிக் கொடுத்தார். கோரின் கையை நீட்டி வாங்கினாள். முழுவதையும் வாயில் ஊற்றி, கண்ணை மூடி, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.

"எப்படியிருக்கு?" என்றார் நார்ப்.

"சிலிக்காரங்க சாக்கடையில கொட்டினது நியாயந்தான்" என்று சொல்லிவிட்டு, காலிக் கோப்பையை மறுபடியும் நீட்டினாள்.